திருகோணமலைச் சிறுவர் இல்லத்தில் முதல் நாட்கள்: போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் திண்டுக்கல்லில் கணக்கு ஆசிரியை. பள்ளியில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, திருகோணமலையில் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் 4 மாதம் தங்கித் தொண்டு வேலை செய்தேன். அங்கே 24 பிள்ளைகள். சின்னவளுக்கு 5 வயது, பெரியவளுக்கு 17. திரும்பி வந்ததிலிருந்து, "நானும் போகலாம்னு இருக்கேன்" என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேட்கிறார்கள், கனடாவிலும் லண்டனிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு வாரத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். தவறுகள் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கின்றன, எனக்கும் அப்படித்தான் நடந்தது. இல்லத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதவில்லை.

அங்கே இருப்பவர்கள் எல்லாரும் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளா?

இல்லை. நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். இரண்டு பேரையும் இழந்தவர்கள் அந்த 24 பேரில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். அம்மா வளைகுடா நாட்டில் வீட்டு வேலையில் இருப்பார். அப்பா வேறு குடும்பம் வைத்திருப்பார். அல்லது நோயாளியான பாட்டியால் பார்த்துக்கொள்ள முடியாமல் போயிருக்கும். வீட்டில் நடந்த ஏதோ ஒன்றால் நீதிமன்றம் அனுப்பி வைத்த பிள்ளைகளும் உண்டு. இது அந்த ஒரு இல்லத்தின் கதை மட்டும் இல்லை. உலகம் முழுக்கச் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார்.

அதனால் "அநாதை" என்ற சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எங்கள் இல்லத்தில் ஒருத்திக்கு அம்மா குவைத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளை முகம் கழுவி, பவுடர் போட்டு, பெரிய பிள்ளை ஒருத்தியைப் பிடித்து இரட்டைப் பின்னல் போட வைத்து, ரிப்பன் கட்டிக்கொண்டு பொறுப்பாளரின் அறை வாசலில் உட்கார்ந்துவிடுவாள். வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். சில வாரம் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். சில வாரம் அழைப்பே வராது. அப்போதும் இரவு படுக்கப் போகும் வரை ரிப்பனை அவிழ்க்க விடமாட்டாள். அவளிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னால், அவள் அம்மாவை இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும்.

அங்கே "பிள்ளைகள்" என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொன்னால் போதும்.

இப்படி வெளிநாட்டிலிருந்து போய் வருவதே பிள்ளைகளுக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?

பெரிய அளவில் உண்மைதான். வேண்டாத பழி என்று தள்ளிவிட முடியாது.

ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு இருக்கிறது. புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவும் மனமும் நன்றாகத் தேறின. அதிலும் 2 வயதுக்குள் போனவர்கள் இன்னும் அதிகம் தேறினார்கள். சின்னக் குழந்தைக்கு, நாள்தோறும் திரும்ப வரும் அதே முகம் வேண்டும். மாதத்துக்கு ஒரு புது அக்கா வந்து, கொஞ்சி, பழக்கி, அழுதுவிட்டு விமானம் ஏறினால் அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு பிரிவு. ஏற்கெனவே ஒரு பெரிய பிரிவைப் பார்த்துவிட்டுத்தான் அது அங்கே வந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டார் வருகிறார்கள், பணம் வருகிறது என்பதற்காகவே பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும் இல்லங்கள் சில நாடுகளில் முளைத்தன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், வறுமையை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று சொல்கின்றன.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். 2 வாரம், 3 வாரம் என்றால் போகாதீர்கள். அந்த டிக்கெட் பணத்தை, பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றப் பாடுபடும் ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும்படி செய்யுங்கள். போவதென்றால் குறைந்தது 3 மாதம், கையில் ஒரு வேலை தெரிந்திருக்க வேண்டும், அந்த வேலையும் அங்கேயே நிலையாக இருக்கும் ஊழியர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போகலாம்.

நல்ல இல்லம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவர்கள் உங்களை எவ்வளவு கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். என்னிடம் போலீஸ் சான்று கேட்டார்கள், வேலை பார்த்த பள்ளியில் விசாரித்தார்கள், எதற்கு வருகிறாய் என்று போனில் ஒரு மணி நேரம் குடைந்தார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. உள்ளே போய்ப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு, இன்னும் கேட்டிருக்கலாம் என்றே தோன்றியது. "பணம் கட்டுங்கள், திங்கட்கிழமை வந்துவிடுங்கள்" என்று சொல்லும் இடம் வேண்டாம். யாரையும் உள்ளே விடுகிற கதவு அது.

இலங்கையில் இல்லங்களை மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் என்ற அரசுத் துறை மேற்பார்வை செய்கிறது. அங்கே பதிவு உண்டா என்று கேளுங்கள். பெற்றோர் வந்து பார்க்க நாள் ஒதுக்கியிருக்கிறார்களா, பிள்ளைகளைத் திரும்ப வீட்டுக்கு அனுப்ப முயற்சி நடக்கிறதா என்றும் கேளுங்கள். எங்கள் இல்லத்தில் மாதம் ஒரு ஞாயிறு பார்வை நாள். மூதூர் பக்கமிருந்து ஓர் அம்மா கிண்ணியாப் பாலம் வழியாக பஸ்ஸில் வருவார். அந்தப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் "பாதை"யில் ஏறித்தான் வர வேண்டும் என்று சொன்னார். எனக்கு விளங்கவில்லை. வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர்.

விசா, சான்றிதழ் எல்லாம் என்ன?

சுற்றுலா விசாவில் சம்பளம் இல்லாத வேலைகூடச் செய்யக் கூடாது. இல்லத்தோடு பேசி, முறையான விசாவுக்கு அவர்கள் கடிதம் தந்த பிறகு கிளம்புங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா போகிறேன் என்றால் அதைத் தரமாட்டார்கள், அதனால் காரணத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள். கிடைக்கச் சில வாரம் ஆகலாம். டிக்கெட்டை அதற்கு அப்புறம் போடுங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து திருகோணமலைக்கு இரவு ரயில் உண்டு. விடியற்காலையில் போய் இறங்கலாம். பஸ்ஸும் இருக்கிறது. இறங்கிய அன்றே இல்லத்துக்குப் போகாமல், ஒருநாள் வெளியே தங்கித் தூங்கி எழுந்து போங்கள். தூக்கம் கெட்ட முகத்தோடு பிள்ளைகள் முன்னால் நிற்பது நல்லதில்லை.

அங்கேயும் தமிழ்தானே, மொழிப் பிரச்சினை இருக்காதே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி வீட்டுப்பாடம் செய்யாமல் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னவோ மனக்கஷ்டம் போல என்று நினைத்து, நல்ல விதமாகத்தான் கூப்பிட்டேன்: "இங்க வாம்மா, உன்கூடக் கொஞ்சம் பேசணும்." அவள் முகம் வெளுத்துப்போனது. எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "நான் ஒண்டும் செய்யேல்ல அக்கா" என்றாள். கண்ணில் தண்ணீர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சமையல் அக்காதான் உள்ளேயிருந்து வந்து விளக்கினார். அங்கே "பேசுறது" என்றால் திட்டுவது. நாம் சொல்லும் பேச்சுக்கு அங்கே "கதைக்கிறது". அன்றைக்கு நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னது, "வா, உன்னைத் திட்ட வேண்டும்" என்பதுதான். அடி வாங்கிய வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! அவள் என் பக்கத்தில் வந்து உட்கார அப்புறம் ஒரு வாரம் ஆனது.

ஆகவே முதல் வேலையாக இதையெல்லாம் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆமாம் என்பதற்கு ஓம். அழகுக்கு வடிவு. சீக்கிரம் என்பதற்கு கெதியா. கிண்டலுக்குப் பகிடி. நோட்டுக்குக் கொப்பி. டீக்குத் தேத்தண்ணி. வேர்க்கடலைக்குக் கச்சான். வைகாசியில் ஆரம்பித்து மேற்கிலிருந்து அனலாக அடிக்கும் காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். தங்குவதற்கு "நிக்கிறது".

அந்தக் கடைசிச் சொல் முக்கியம். பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்டது என் பெயரை இல்லை. "அக்கா எத்தின நாள் நிப்பீங்க?" அதைத்தான் கேட்டார்கள்.

நாம் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும், சரி. அதற்காக அவர்கள் மாதிரியே இழுத்துப் பேசிக் காட்ட வேண்டாம். கேலி செய்கிறோம் என்று நினைப்பார்கள். சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ராகத்தை விட்டுவிடுங்கள். கனடா, லண்டன் பிள்ளைகளுக்கு வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் பழக்கம் என்றால் இதில் பாதிச் சிரமம் இல்லை.

முதல் நாள் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். உண்மையாகவே சொல்கிறேன். விளையாட்டு நடத்த வேண்டாம், பாட்டுச் சொல்லித்தர வேண்டாம், எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்துப் பெயர் கேட்க வேண்டாம். வந்து நின்ற ஒவ்வொரு புது ஆளும் அவர்களை வட்டமாக உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது அலுத்துப்போயிற்று.

நான் செய்த ஒரே நல்ல காரியம், அதுவும் பொறுப்பாளர் அம்மா சொன்னதால் செய்தது: சமையலறையில் உட்கார்ந்து தேங்காய் துருவினேன். காலையில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும் வேண்டும், இரவு புட்டு என்றால் அதற்கும் தேங்காய்ப்பூ வேண்டும். 24 பிள்ளைகள், ஊழியர்கள் எல்லாருக்கும் என்றால் எத்தனை தேங்காய் என்று நினைத்துப் பாருங்கள். துருவலகை மேல் உட்கார்ந்து குனிந்து துருவும்போது பிள்ளைகள் தாமாகவே வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "கறுப்பு விழுது அக்கா, ஓட்டோட சேத்துத் துருவாதீங்க" என்று கையைப் பிடித்துத் திருத்தினாள். அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்துத்தான் பழக்கம் தொடங்கியது. யாரையும் நான் கூப்பிடவில்லை.

சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்வார்களாமே?

ஓடி வருவார்கள். ஐந்து வயதுக்காரி நான் உள்ளே நுழைந்த பத்தாம் நிமிடம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாள் முழுக்க விடவில்லை. மடியில் ஏறினாள், தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்தப் பிள்ளைக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு பொறுப்பாளர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, அவள் எல்லாருட கையையும் பிடிப்பாள். காஸ் சிலிண்டர் கொண்டுவாற ஆளுட கையையும் பிடிப்பாள்."

இல்லங்களில் வளரும் குழந்தைகள் முன்பின் தெரியாதவரிடமும் தயக்கமில்லாமல் ஒட்டிக்கொள்வதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பார்க்க அன்பு போல இருக்கும். யாரிடம் ஒட்ட வேண்டும், யாரிடம் கூடாது என்று பழகிக்கொள்ளச் சந்தர்ப்பம் கிடைக்காமல் போனதன் அடையாளம் அது. அந்தப் பிள்ளைக்கு அது ஆபத்தும்கூட.

என்ன செய்யலாம்? தள்ளிவிட வேண்டாம், அது இன்னும் மோசம். கையைப் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும். அப்படியே அவளை அங்கே நிலையாக இருக்கும் ஊழியரிடம் கூட்டிப் போங்கள். பிள்ளைகள் அவரை அன்ரி என்பார்கள், நம் ஆன்ட்டிதான். "அன்ரியிடம் கேட்போமா?", "அன்ரிக்குக் காட்டுவோமா?" என்று ஒவ்வொன்றுக்கும் அவரை நடுவில் வையுங்கள். விழுந்து அடிபட்டால் முதலில் தூக்குவது அந்த அன்ரியாக இருக்கட்டும். தூங்க வைப்பதும், குளிப்பாட்டுவதும், சாப்பாடு ஊட்டுவதும் அவர்கள் வேலை. நமக்கு ஆசையாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து அவள் தூக்கம் வந்தால் அன்ரியைத் தேடிப் போக ஆரம்பித்தாள். ஒரு பக்கம் வலித்தது, ஆனாலும் அந்த 4 மாதத்தில் நான் செய்ததில் இதைத்தான் உருப்படியானது என்று நினைக்கிறேன்.

பாடம் சொல்லித்தரலாமா? தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம் எடுத்துப் போகலாமா?

பாடம் சொல்லித்தருவது நல்ல வேலை. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை, பதினோராம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சை என்று பிள்ளைகளுக்குப் பயம் நிறைய. வெளியே ரியூசனுக்கு அனுப்ப இல்லத்திடம் பணம் இருக்காது.

ஆனால் நம் புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள். கலைச்சொற்கள் வேறு. நமக்கு வேதியியல், அவர்களுக்கு இரசாயனவியல். நமக்கு இயற்பியல், அவர்களுக்கு பௌதிகவியல். அழுத்தம் அங்கே அமுக்கம். ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன். கணக்கிலும் அப்படித்தான். நான் மீச்சிறு பொது மடங்கு என்று சொல்லிக்கொண்டே போனேன், பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள், ஒருத்திக்கும் ஏறவில்லை. அங்கே அது பொ.ம.சி, அதாவது பொது மடங்குகளுட் சிறியது. பரீட்சையில் நம் சொல்லை எழுதினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். முதல் வாரம் அவர்களின் அரசாங்கப் புத்தகத்தையும் பழைய வினாத்தாள்களையும் இரவில் உட்கார்ந்து நீங்கள் படியுங்கள். இரண்டாம் வாரம் பாடம் ஆரம்பிக்கலாம்.

வேறு என்ன வேலை தருவார்கள்?

பேன் பார்ப்பது. கொப்பிக்கு உறை போடுவது. வெள்ளைச் சீருடையைத் தோய்ப்பதும் இஸ்திரி போடுவதும். கணக்கு வழக்கு எழுதுவது. இதெல்லாம் தொண்டா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு ஊழியர்கள் 24 சீருடைகளோடு மல்லாடும் இடத்தில் இதைவிடப் பெரிய தொண்டு இல்லை. நாம் தோய்த்த ஒரு மணி நேரம் அந்த அன்ரி பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கலாம்.

என்ன வாங்கிப் போகலாம்?

சாக்லேட்டும் பொம்மையும் வேண்டாம். ஒவ்வொருவரும் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். புது ஆள் என்றால் பொருள் என்று பிள்ளைகளுக்குப் பழகிவிடுகிறது. போனதும் இல்லத்தில் ஒரு பட்டியல் கேளுங்கள், அங்கேயே கடைத்தெருவில் வாங்குங்கள், பொறுப்பாளர் கையில் கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்த பட்டியல்: மாதவிடாய் நாப்கின், பேன் சீப்பு, உள்ளாடை, பள்ளிச் சப்பாத்து, நுளம்பு வலை. சப்பாத்து என்றால் ஷூ, நுளம்பு என்றால் கொசு. பிள்ளைகளுக்கு அக்கா கொடுத்ததாக இருக்கக் கூடாது, பொறுப்பாளர் அம்மா கொடுத்ததாகவோ இல்லம் கொடுத்ததாகவோ இருக்கட்டும்.

போட்டோ எடுக்கலாமா?

வேண்டாம். முகம் தெரியாமல், பின்னாலிருந்து, கை மட்டும் என்று வழி தேடவும் வேண்டாம். எங்கள் பிள்ளைகளில் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்று சில உறவினருக்குத் தெரியக் கூடாது என்பது நீதிமன்ற ஏற்பாடு. சீருடை நிறமும் பின்னால் தெரியும் கோபுரமும் போதும், ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். நம் வீட்டுப் பிள்ளை சாப்பிடுவதை யாரோ படம் எடுத்து "பாவம்" என்று போட்டால் பொறுப்போமா?

போர், சுனாமி பற்றியெல்லாம் கேட்கலாமா?

கேட்க வேண்டாம். போர் 2009 மே மாதம் முடிந்தது, இப்போதிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்கு அப்புறம் பிறந்தவர்கள். ஆனால் அவர்களை வளர்த்தவர்கள் அதற்குள் வாழ்ந்தவர்கள். மூதூர், சம்பூர்ப் பக்கம் 2006இல் சனம் வீட்டை விட்டு ஓடியது. அதற்கு முன் 2004 டிசம்பர் 26, கடல். ஒரு பிள்ளை ஏன் பாட்டியிடம் வளர்ந்தாள் என்று பின்னோக்கிப் போனால் இவற்றில் ஒன்றில் போய் முட்டும்.

சமையல் அக்கா ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது, தானாகவே, கடல் வந்த காலையைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. நான் அங்கே போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சொல்லி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "சரி, புளியைக் கரையுங்க" என்றார். கரைத்தேன். அவ்வளவுதான். வேறு என்ன செய்ய முடியும்?

ஒரு பிள்ளை தனியாக வந்து ஏதாவது சொன்னால்?

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்பாள். சத்தியம் பண்ணாதீர்கள். "உனக்கு உதவ வேண்டுமென்றால் ஓர் ஆளிடம் சொல்லத்தான் வேண்டும், யாரிடம் சொல்கிறேன் என்று உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். சொல்வதைக் கேளுங்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்க வேண்டாம், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அன்றே அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பொறுப்பாளர் மேலேயே சந்தேகம் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண் இருக்கிறது. அந்தச் சபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. முதல் நாளே அந்த எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

அதோடு, எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். உங்கள் மேல் சந்தேகம் வரும் என்பதற்காக மட்டும் இல்லை. பெரியவர்கள் தனியாகக் கூப்பிட்டால் போகக் கூடாது என்று இல்லம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அதை நாம் உடைக்கக் கூடாது.

சாப்பாடு, வெயில், மழை?

சாப்பாடு அருமை, காரம் கூடுதல். பிள்ளைகள் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், தனியாக எதுவும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். மழை நம் ஊர் போல ஐப்பசி, கார்த்திகையில். டெங்கு உண்டு, வலைக்குள் தூங்குங்கள்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகலாமா?

ஊழியர் இல்லாமல் கூடாது. அவர்களோடு சேர்ந்து போவதென்றால் அதைவிடச் சந்தோஷம் இல்லை. எங்களை ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். பழைய கோட்டைக்குள் நுழைந்து மலை ஏறிப் போக வேண்டும். வழியெல்லாம் மான்கள், மனிதரைக் கண்டு ஓடாத மான்கள். பிள்ளைகள் கையிலிருந்த வாழைப்பழத் தோலைக் கொடுத்தார்கள். மேலே போனால் மூன்று பக்கமும் கடல். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஒருமுறை போனோம். 7 கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எது அதிகச் சூடு என்று கண்டுபிடிக்க ஆளுக்கு ஒரு வாளியோடு ஓடி, நான் தொப்பலாக நனைந்தேன்.

பாதியில் திரும்பி வந்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா?

இரண்டாம் வாரத்தில் தோன்றியது. இரவுதான் காரணம். பகலில் சத்தமும் வேலையும் இருக்கும். இரவு விளக்கு அணைந்த பிறகு, யாராவது ஒருத்தி போர்வைக்குள் சத்தம் வராமல் அழுவது கேட்கும். எழுந்து போகலாமா, கூடாதா என்று தெரியாது. முதல் வாரம் எழுந்து போனேன். மறுநாள் இரவு இரண்டு பேர் அழுதார்கள், அதற்கு மறுநாள் நாலு பேர். அங்கே படுத்திருக்கும் அன்ரிதான் போக வேண்டும், நான் போவதால் அவர் செய்ய வேண்டியது கெடுகிறது என்று விளங்கிய பிறகு, கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அது தாங்க முடியாததாக இருந்தது. நம்மால் இங்கே ஒன்றும் ஆகாது என்று தோன்றியது.

யாரிடமாவது சொல்லுங்கள். பிள்ளைகளிடம் இல்லை, பெரியவர்களிடம். நான் வீட்டுக்குப் போன் செய்து அழுவேன், அப்புறம் விடிந்ததும் போய்த் தேங்காய் துருவுவேன். ஒரு மாதத்தில் அந்த அன்ரி எழுந்து நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கும் தூக்கம் வந்தது.

கிளம்பும் தேதியை எப்போது சொல்வது?

முதல் நாள். அந்த "எத்தின நாள் நிப்பீங்க" என்ற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். "பார்க்கலாம்", "நிறைய நாள்" என்று மழுப்பாதீர்கள். நான் சமையலறை நாட்காட்டியில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன். சின்னவர்கள் தினமும் ஒரு நாளை அடித்தார்கள். வருத்தமாக இருந்தது, ஆனால் யாரும் ஏமாறவில்லை. எனக்கு முன்னால் வந்த ஒருவர் சொல்லாமல் விடியற்காலையில் கிளம்பிப் போனாராம், அழுவார்கள் என்று. அந்த வாரம் முழுக்கச் சின்னவள் ஒருத்தி வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டாளாம்.

"திரும்ப வருவேன்" என்று சொல்லாதீர்கள், டிக்கெட் கையில் இல்லாவிட்டால்.

ஊருக்கு வந்த பிறகு போன் பேசலாமா?

இல்லம் ஒத்துக்கொண்டால் பேசலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: தவறாமல் செய்ய முடிகிற அளவுக்கு மட்டும். வாரம் ஒருமுறை என்று ஆரம்பித்து மூன்றாம் வாரம் மறந்துபோவதைவிட, மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பேசுகிறேன். பொறுப்பாளரின் போன், ஸ்பீக்கரில், எல்லாருக்கும் சேர்த்து. தனித்தனியாக யாரிடமும் பேசுவதில்லை. போன மாதம் சுவரோடு ஒட்டி நின்ற அந்தப் பிள்ளைதான் முதலில் போனைப் பிடித்தாள். "அக்கா, உங்களோட கதைக்க வேணும். 12க்கும் 18க்கும் பொ.ம.சி 36 தானே?" என்றாள். ஓம் என்றேன். "அப்ப சரி" என்று போனை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டாள்.